குழந்தை இருக்கும் வீட்டில் மராமத்து வேலை: குடியிருந்தபடியே செய்து முடிப்பதற்கான முழு வழிகாட்டி

நடக்கத் தொடங்கிவிட்ட, ஆனால் சொன்னால் இன்னும் கேட்காத வயதில் குழந்தை இருக்கும் வீட்டுக்கானது இந்த வழிகாட்டி. ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று வயது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு இருபது, முப்பது ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீடு. இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை. குளியலறையை இடித்துக் கட்டுவது, வயரிங் மாற்றுவது, சமையலறை, தரை, பெயிண்ட் என்று வழக்கமான பட்டியல். சென்னையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மழைக்காலக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் இறங்குபவர்கள் பலரும் வேலைக்கு அட்டவணை போட்டுவிட்டுக் குழந்தையை அதற்குள் எங்கேயாவது செருகப் பார்க்கிறார்கள். முதல் வாரத்திலேயே அது குலைந்துபோகும். குழந்தையின் சாப்பாடும் தூக்கமும் நகராது. கொத்தனாரின் வேலை நகரும். ஆகவே குழந்தையின் நாளை முதலில் எழுதி, அதைச் சுற்றி வேலையை அடுக்குங்கள்.

1. இருப்பதா, வெளியேறுவதா என்று முடிவு செய்யுங்கள்

குடியிருக்கவே கூடாத சூழ்நிலைகள் சில உண்டு. வீட்டில் ஒரே கழிவறை, அதையும் இடிக்கப்போகிறீர்கள் என்றால் வெளியேறுங்கள். எல்லா அறைகளின் தரையையும் ஒரே நேரத்தில் பெயர்ப்பதானாலும் அப்படியே. பழைய எண்ணெய் பெயிண்டைச் சுரண்டும் வேலை இருந்தால், அந்த நாள்களில் குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. காரணம் ஏழாவது பகுதியில்.

மற்றபடி முழுதாக வெளியேற வேண்டியதில்லை. இடிக்கும் நாள்களுக்கும் டைல்ஸ் வெட்டும் நாள்களுக்கும் மட்டும் அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ குழந்தையோடு போய்விட்டால், மோசமான பகுதி கடந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இடிக்கும்போது "சமாளித்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டு, களைத்துப்போய்ப் பெயிண்ட் அடிக்கும்போது கிளம்புகிறார்கள். தூசியும் சத்தமும் அதிகம் வருவது தொடக்கத்தில். உறவினர் வீட்டில் தங்கும் வாய்ப்பை அங்கே செலவழியுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது, பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசுவது) காயாது, பெயிண்ட் வாசனை உள்ளேயே நிற்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று மேஸ்திரிக்கே தெரியாது. குளியலறையை உடைத்துப் போட்ட நிலையில் பண்டிகை வந்தால் குழந்தையோடு திண்டாட்டம்தான். பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பியதும் தொடங்குவது எனக்குத் தெரிந்தவரை நல்ல கணக்கு.

2. முதல் கடப்பாரை விழும் முன் கையில் இருக்க வேண்டியவை

கனமான பிளாஸ்டிக் ஷீட், அகலமான டேப், கதவு வழியில் பொருத்தும் குழந்தைத் தடுப்புக் கேட், இறுக்கமான மூடி போட்ட வாளிகள், பூட்டு போடக்கூடிய ஒரு பெட்டி அல்லது அலமாரி, நிறைய பழைய துண்டுகள். பிளாஸ்டிக் ஷீட்டை மலிவாக வாங்காதீர்கள். மெல்லியது இரண்டாம் நாளே கிழியும், கிழிந்ததை யாரும் மறுபடி ஒட்ட மாட்டார்கள்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். கடைசியில் புது போர்டோடு சேர்த்துப் போடலாம் என்று தள்ளிவைப்பது வழக்கம். ஆனால் ஒயர் தரையில் கிடப்பதும், ஈரத் தரையில் கட்டர் ஓடுவதும் வேலை நடக்கும் நாள்களில்தானே.

குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய, டெட்டனஸ் தடுப்பும் அடங்கிய டிபிடி ஊக்க ஊசி விட்டுப்போயிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். ஆணியும் துருப்பிடித்த கம்பியும் வீட்டுக்குள் வரப்போகின்றன.

3. குழந்தையைப் பார்ப்பவர் வேறு, வேலையைப் பார்ப்பவர் வேறு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். எந்த நேரத்திலும் இந்த இரண்டு பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

நடப்பது இதுதான். உள்ளறையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். "மேடம், குழாய் எந்த உயரத்தில் வர வேண்டும்?" என்று குரல் வருகிறது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். கதவு சாத்தப்படாமல் நிற்கிறது. குழாயில் தொடங்கிய பேச்சு கண்ணாடி எங்கே வரும், ஹீட்டர் எந்தப் பக்கம் என்று நீள்கிறது. விபத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

இருவர் இருந்தால் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். "நான் மேஸ்திரியிடம் போகிறேன், நீ பார்த்துக்கொள்" என்றால், "சரி, பார்க்கிறேன்" என்ற பதில் காதில் விழுந்த பிறகே நகர வேண்டும். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் நினைக்கும் இடைவெளிதான் ஆபத்து.

பகலில் ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால், மேஸ்திரியின் கேள்விகளுக்கு அலுவலகத்தில் இருப்பவர் பதில் சொல்லட்டும்; படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். அதைவிட நல்ல வழி, கேள்வியே வராமல் செய்வது. முந்தைய நாள் மாலை, ஆட்கள் போன பிறகு, மறுநாள் வேலை நடக்கும் சுவரில் மார்க்கரால் குறித்துவிடுங்கள்: இங்கே ஸ்விட்ச், தரையிலிருந்து இத்தனை அடி, இங்கே குழாய், இந்த டைல்ஸ் இந்த உயரம் வரை. சுவரில் எழுதியதைக் கொத்தனார் மறப்பதில்லை. வாயால் சொன்னதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

தாத்தா, பாட்டியிடம் விடுவதானால் மூடிய அறைக்குள் விடுங்கள். ஓடும் குழந்தையைத் துரத்தி, சிமெண்ட் மூட்டைக்கும் டைல்ஸ் பெட்டிக்கும் நடுவில் அவர்கள் ஓடக் கூடாது.

4. ஓர் அறையை முதலில் முடித்து, மூடிவிடுங்கள்

குளியலறை ஒட்டிய படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறைக்கான எல்லா வேலையையும், அதன் குளியலறை உட்பட, முதல் கட்டமாக முடித்துவிடுங்கள். பெயிண்ட் அடித்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, வாசனை முழுதும் போன பிறகு குடியேறுங்கள். மற்ற வேலை முடியும்வரை வேலையாட்கள் யாரும் அந்த அறைக்குள் வரக் கூடாது. "சும்மா ஒரு பாயிண்ட் மட்டும் பார்க்கிறேன்" என்று எலெக்ட்ரீஷியன் வருவார். அனுமதித்தால், அடுத்த நாள் அந்த அறையில் ஏணி நிற்கும்.

முதல் கட்டத்தில் நீங்கள் அடுத்த படுக்கையறையில் இருப்பீர்கள். அதற்கும் இதே ஏற்பாடு: பிளாஸ்டிக் ஷீட் இரண்டை வாசலுக்கு வெளிப்புறம், ஒன்றன்மேல் ஒன்று ஓர் அடி ஏறி நிற்கும்படி ஒட்டுங்கள். நுழையும்போது இரண்டையும் விலக்க வேண்டியிருக்கும். விட்டதும் தானாக மூடிக்கொள்ளும். கதவுக்குக் கீழே ஈரத் துண்டை உருட்டி வையுங்கள். தூசி அதிகம் நுழைவது அந்த விரலளவு இடுக்கு வழியாகத்தான். வாசலில் செருப்பு மாற்றுங்கள். வேலை நடக்கும் பக்கம் போன செருப்பு உள்ளே வரக் கூடாது.

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றுவதால் போடலாம். ஃபில்டரை மட்டும் வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

பொருள்களை ஒதுக்கும்போது பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரிலிருந்து நகர்த்தி நடுவில் நிறுத்துவார்கள். குழந்தை இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் அவை சாயும். குழந்தை இருக்கும் அறையில் உயரமான எதுவும் சுவரில் பிணைக்கப்படாமல் நிற்கக் கூடாது.

இன்னொன்று. குழந்தை தூளியில் தூங்கினால், கூரைக் கொக்கியைப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுபவர் அதை மறைத்துவிட்டுப் போனால், புதிதாகத் துளையிட்டுக் கொக்கி மாட்டும்வரை ஒருவரும் தூங்க முடியாது.

5. வேலைகளின் வரிசை

இடிப்பு, பிறகு குழாய்க்கும் ஒயருக்கும் சுவரில் காடி வெட்டுவது, பூச்சு, குளியலறையில் வாட்டர்புரூஃபிங், டைல்ஸ், பட்டி, பிரைமர், மரவேலை, கடைசிக் கோட் பெயிண்ட். இந்த வரிசை எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். குழந்தை இருக்கும் வீட்டில் இதோடு மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள்.

முதலாவது, ஒரு குளியலறை தண்ணீர் வந்து, கதவு மாட்டி, பயன்பாட்டுக்கு வந்த பிறகே அடுத்ததில் கடப்பாரை விழ வேண்டும். "இரண்டையும் சேர்த்து உடைத்தால் கூலி மிச்சம்" என்பார்கள். மிச்சம் உண்மைதான்; ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் குளியலறையில் தண்ணீரைத் தேக்கி ஒன்று அல்லது இரண்டு நாள் கசிவு பார்ப்பார்கள். கதவும் கழற்றப்பட்டிருக்கும் அந்தக் குளியலறை, குழந்தையைப் பொறுத்தவரை ஒரு குட்டைதான். தண்ணீர் தேக்கும் முன் வாசலில் பலகை அடித்து மூடச் சொல்லுங்கள். டேப் ஒட்டுவது தடுப்பாகாது.

மூன்றாவது, பூச்சு வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் கியூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பது) வேண்டும். அவசரப்பட்டு அதைக் குறைத்தால் சுவர் வெடிக்கும். மறுபடி தூசி கிளப்ப வேண்டிவரும். அந்த நாள்களில் வீட்டுக்குள் தண்ணீர் டிரம் நிற்கும். அதை மூடியே வையுங்கள், வாரம் ஒரு முறை காலிசெய்து தேயுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில், குழந்தை தூங்கும் நேரத்திலும் கடிக்கும்.

மரவேலையை முடிந்தவரை பட்டறையிலேயே செய்து, இங்கே கொண்டுவந்து பொருத்தச் சொல்லுங்கள். கூடத்தில் பிளைவுட் அறுத்தால் மரத்தூளும் பசை வாடையும் வாரக்கணக்கில் போகாது.

6. ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மதியத் தூக்கம் கெட்டால் மாலை முழுதும் அழுகை, இரவில் தூக்கம் வராது, மறுநாள் உங்களுக்கும் மேஸ்திரிக்கும் சண்டை. அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதே அட்டவணையின் நோக்கம்.

ஆட்கள் ஒன்பதரை மணிவாக்கில் வருவார்கள். அங்கிருந்து பன்னிரண்டரை வரை சத்தமான வேலை: இடிப்பு, காடி வெட்டுதல், டைல்ஸ் வெட்டுதல். அந்த நேரத்தில் குழந்தை வீட்டில் இருக்கக் கூடாது. பூங்கா, பக்கத்து வீடு, விளையாட்டுப் பள்ளி, எதுவானாலும் சரி. பன்னிரண்டரைக்கு வந்து, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துத் தூங்கவையுங்கள். வேலையாட்களின் சாப்பாட்டு நேரமும் ஒரு மணி என்பதால் முதல் ஒரு மணி நேரம் தானாகவே அமைதி. அடுத்த ஒரு மணிக்கு மட்டும்தான் ஏற்பாடு தேவை.

கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கட்டர், டிரில்லிங் இரண்டும் வேண்டாம். அந்த நேரத்துக்குக் கலவை பூசுவது, பட்டி பார்ப்பது, ஒயர் இழுப்பது மாதிரி வேலையாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்." வேலை தொடங்கிய பிறகு சொன்னால் அது குறையாகத் தெரியும், முதலில் சொன்னால் அவர் ஆட்களை அதற்கேற்ப அழைத்து வருவார். பல குடியிருப்புகளில் சங்கமே மதியச் சத்தத்துக்குத் தடை வைத்திருக்கிறது. உங்களுக்கு வசதிதான்.

ஐந்தரைக்கு வேலை நிற்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் சுத்தம் செய்ய. அதையும் கூலிக்குள் சேர்த்துப் பேசுங்கள். இல்லையென்றால் துடைப்பம் உங்கள் கையில்தான் இருக்கும்.

7. தூசியும் பழைய பெயிண்டும்

காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்கள். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் தூசியில் நுரையீரலுக்குக் கேடு செய்யும் சிலிக்கா இருக்கிறது. பெருக்கினால் அது எழும்பி, மெதுவாக, குழந்தை தவழும் உயரத்துக்கே இறங்கும். தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், பிறகு ஈரத் துணியால் துடையுங்கள். கட்டர் ஓடும்போது ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுவது பால்கனியிலோ மொட்டை மாடியிலோ நடக்கட்டும்.

பழைய பெயிண்ட் தனி விஷயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய் பெயிண்டில், குறிப்பாக ஜன்னல் கம்பி, கிரில், கதவு நிலைகளில், ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, அதே கையை வாயில் வைப்பதுதான் இந்த வயதின் வேலை.

ஆகவே காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள்; பர்னர் வைத்துச் சுட்டு உரிக்கவும் விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கீழே ஷீட் விரித்து, விழுந்த துகளை அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பழைய பெயிண்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் சுரண்டாமல் மேலேயே அடித்துவிடுவது உத்தமம். மொட்டை மாடியில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும்.

8. மாலைச் சோதனை

ஆட்கள் போன பிறகு, தடுப்புக் கேட்டைத் திறக்கும் முன், ஒரு பெரியவர் வேலை நடந்த பகுதியை முழங்காலிட்டுப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது அந்த உயரத்தில் தெரியும்: ஸ்டூலுக்கு அடியில் உருண்ட திருகு, சுவர்ப் பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர், கிழிந்த சிமெண்ட் மூட்டையின் வாய்.

முதலில் பாட்டில்கள். தின்னர், டர்பென்டைன், டைல்ஸ் கழுவும் ஆசிட் எல்லாம் பழைய குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோதான் வரும். குழந்தைக்கு அது தண்ணீர். எல்லாவற்றையும் அந்தப் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். ஒருவேளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்னர் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை அரிக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

அடுத்து வாளிகள். ஓரிரு அங்குலத் தண்ணீர் போதும். இந்த வயதில் தலை கனம் அதிகம். தலைகுப்புற விழுந்த குழந்தையால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. எல்லா வாளியையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் எரிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் நல்ல தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தேய்க்காதீர்கள்.

9. சமையலறை இல்லாத வாரங்கள்

தற்காலிகச் சமையலறையைக் குழந்தையின் அறைக்குள் வைக்காதீர்கள். கூடத்தில், கேட்டுக்கு வெளியே வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர், ஒரு மேசை போதும். அடுப்பு மேசையின் உள்பக்கம் இருக்கட்டும், ஒயர் முன்னால் தொங்கக் கூடாது. கேஸ் சிலிண்டரை நகர்த்தினால், ஆரஞ்சு டியூபில் உள்ள காலாவதி ஆண்டைப் பார்த்து, வேண்டுமானால் புதிது மாட்டுங்கள்.

சமையல் எளிமையாக இருக்கலாம். குழந்தைக்குப் பழகிய இட்லி, பருப்புச் சாதம், ரசம் சாதம் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

10. குழந்தையின் பக்கம்

வீடு உடைவது குழந்தைக்குப் பெரிய வேடிக்கை. தடுத்துக்கொண்டே இருந்தால் ஆவல் கூடும். ஆட்கள் டீ குடிக்கும் நேரத்தில், எந்த இயந்திரமும் ஓடாதபோது, தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் காட்டுங்கள். மணல், ரசமட்டத்தில் ஓடும் குமிழி, கொத்தனார் மாமா எல்லாம் பார்த்தாகிவிட்டால் உள்ளே வர ஒப்புக்கொள்ளும். இறக்கிவிடாதீர்கள்.

இந்தச் சில மாதங்களில் வேறு எந்தப் பழக்கத்தையும் மாற்றாதீர்கள். கழிவறைப் பயிற்சி, தாய்ப்பால் நிறுத்துவது, தனியாகப் படுக்கவைப்பது எல்லாம் வீடு நிலைபெற்ற பிறகு. ஏற்கெனவே பழகியதைக்கூடச் சில குழந்தைகள் இந்தக் கலவரத்தில் மறக்கும்; கண்டிக்காமல் விட்டால் திரும்பிவரும்.

11. திரும்பக் குடியேறும் முன்

ஆசிட் கழுவல் நடக்கும்போது குழந்தை வெளியே இருக்க வேண்டும். அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். புது அலமாரிகளின் கதவுகளைச் சில நாள் திறந்தே போடுங்கள், துணியை அப்புறம் அடுக்கலாம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரின் வெப்பத்தைக் குறைத்து வையுங்கள், ஏனென்றால் புது ஒற்றைப்பிடிக் குழாயைக் குழந்தை ஒரே தட்டில் சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பிவிடும்.

குளியலறைக் கதவின் பூட்டு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வரட்டும். பெரும்பாலும் இதுதான் விட்டுப்போகிறது. தச்சர் ஊருக்குப் போன பிறகு, உள்ளே தாழிட்டுக்கொண்டு குழந்தை அழும்போதுதான் நினைவுக்கு வரும். கடைசித் தவணைப் பணத்தை இவை எல்லாவற்றையும் உங்கள் கையால் சோதித்த பிறகு கொடுங்கள்.